முன்பாதி ரயில், பின்பாதி ரயில்

இந்த நாட்டு ரயில் நிலையத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நான் வந்து இரண்டாவது குளிர்காலம் ஆகிறது, இன்னும் இது எனக்குப் பழகவில்லை. நடைமேடைக்கு வருகிறார்கள், தலையை ஒருமுறை நிமிர்த்திப் பலகையைப் பார்க்கிறார்கள், பிறகு புத்தகத்தையோ பேப்பரையோ பிரித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். வண்டி வந்தால் ஏறுகிறார்கள். "இது எங்கே போகிறது?" என்று ஒரு குரல் கிடையாது. நான் மட்டும் கேட்பேன். பலகையில் ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், எழுத்துக்கூட்டிப் படித்தும் விடுவேன், இருந்தாலும் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற மனசு வராது. போன வாரம் ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எனக்குக் கண் தெரியாது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. என் முழங்கையை மெல்லப் பிடித்துக் கதவு வரைக்கும் கூட்டிப்போய் ஏற்றிவிட்டார். உள்ளே உட்கார்ந்து நான் ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனதை அவர் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ தெரியவில்லை.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் டவுன் பஸ்ஸில் பலகை என்பது பேச்சைத் தொடங்கி வைப்பதற்கு மட்டும்தான். "ஏனுங்க, இது கணபதி போகுங்களா?" என்று கேட்டால் நடத்துனர் சொல்வதற்கு முன்னால் ஜன்னலோரம் இருப்பவர் சொல்லிவிடுவார். "போகுமுங்க, ஆனா ஸ்டேசன் சுத்திட்டுத்தான் போகும். பொறத்தாண்டியே இன்னொண்ணு வருதுங்க, அதுல போயிருங்க." கல்யாணமான புதிதில் ஒருநாள் உக்கடத்தில் பஸ் மாறி ஏறிவிட்டேன். நான் முழிப்பதைப் பார்த்தே கோட்டைமேட்டு ஜவுளிக்கடை பாய் ஒருவர், மடியில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர், "எங்க போகோணும்மா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் டவுன்ஹாலில் இறங்கச் சொன்னார், பின்சீட்டுக்காரர் அது சரிவராது காந்திபுரம்தான் தோது என்றார், பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஒன்று, அந்த பஸ்ஸில் நான் தொலைந்துபோயிருக்கவே முடியாது.

என் கணவர் சண்முகம் நூற்பு இயந்திர இன்ஜினியர். கோயமுத்தூரில் அவர் வேலை பார்த்த இடத்துக்கு இயந்திரம் அனுப்பும் ஜெர்மன் கம்பெனி அவரை இங்கே அழைத்துக்கொண்டது. ஒரு வருடம் கழித்து நானும் எங்கள் மகள் நித்யாவும் வந்து சேர்ந்தோம். அவளுக்கு அப்போது ஐந்து வயது. நான் கணபதியில் லேத் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவள். சத்தமில்லாத ஊரில் என்ன செய்வது என்றே முதலில் புரியவில்லை.

இந்த ஊர்ப் பலகைகளைக் குறை சொல்வதற்கு முன்னால் புகழ்ந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம், ஒரு எண். புறப்படும் நேரம் மஞ்சள் தாளில், வந்துசேரும் நேரம் வெள்ளைத் தாளில். எந்தப் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதற்குக்கூட நடைமேடையில் எழுத்துப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஊரின் வரைபடத்தில் ஆற்றின் வளைவுகளையெல்லாம் நிமிர்த்திவிட்டு, தடங்களை அடுப்புக்கட்டிக் கோலம்போல நேர்க்கோட்டில் இழுத்திருக்கிறார்கள். நித்யா எழுத்துப் படிக்கும் முன்பே, "அம்மா, நம்முளுது பச்சைங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு போவாள். படிக்காதவர்கூடத் தனியாகப் போய்வர முடியும். இவ்வளவு யோசித்து யாரோ ஒருவர் எனக்காக முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்தால் மரியாதையாகத்தான் இருக்கிறது.

ஆனால் எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்ட ஊரில், தவறிப்போனால் யாரை நோவது? நம் ஊரில் நடத்துனரைத் திட்டலாம், சொன்னவரைத் திட்டலாம். இங்கே திட்ட ஆள் இல்லை. பார்க்காமல் விட்டது நான்தான் என்று ஆகிவிடும். ஒவ்வொரு முறை வீட்டுப் படியிறங்கும்போதும் பரீட்சைக்குப் போகிற மாதிரிதான் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் இறங்கினேன். என் கணவரோடு வேலை செய்யும் வால்டர் என்பவர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் இருப்பது நகரத்துக்கு வெளியே, ரயில் தடம் முடிகிற ஒரு சின்ன ஊரில். நாங்கள் அதுவரை அந்தத் தடத்தில் போனதில்லை. வெறுங்கையோடு போகக்கூடாதென்று அரிசிம்பருப்புச் சோறு ஆக்கித் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டேன். நடைமேடையில் தகடுகள் படபடவென்று புரண்டு பலகையில் பெயர் விழுந்தது. மேலே 'ஃப்ளூக்ஹாஃபென்', அதாவது விமான நிலையம். அதற்குக் கீழே வால்டரின் ஊர். இரண்டுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு ரயில் படம், ஒன்றில் முன்பாதி கறுப்பு, ஒன்றில் பின்பாதி கறுப்பு. "ஏர்போர்ட் வழியாப் போகுது போலீங்க" என்றேன். "ஆமா, அப்பிடித்தான் போட்டிருக்குது" என்றார் கணவர். காலமெல்லாம் டவுன் பஸ் பலகை படித்தவர்கள் நாங்கள். ஒரு பலகையில் இரண்டு ஊர் இருந்தால் ஒன்று வழியில் வரும், மற்றது கடைசியில் வரும். அந்தக் கறுப்புப் பாதிகளை நான் அலங்காரம் என்று நினைத்தேன். இன்ஜினியரும் அப்படித்தான் நினைத்தார்.

வண்டி வந்தபோது மலையேறப் போகிற கூட்டம், சைக்கிள், மூட்டை முடிச்சு என்று ஒரே நெரிசல். அந்த நெரிசலில் எங்கள் கால்கள் ஊர்ப் பழக்கத்தைச் செய்தன. நான் முன்பக்கம் போனேன், அவர் பின்பக்கம் போனார். டவுன் பஸ்ஸில் பெண்கள் முன் வாசல், ஆண்கள் பின் வாசல். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நானும் அவரும் ஒரே வாசலில் ஏறியது அபூர்வம். பிள்ளை யாரோடு ஏறினாலும் கவலையில்லை, இறங்கும்போது மூன்று பேரும் ஒரே நிறுத்தத்தில் நிற்போம். இந்த ஊரிலும் அதுவரைக்கும் அப்படித்தான் நடந்தது. ஏறும்போது நான் திரும்பிப் பார்த்தேன். நித்யாவின் சிவப்பு ஸ்வெட்டர் அவள் அப்பா இருந்த திசையில் ஓடிக்கொண்டிருந்தது. சரி, அப்பாவோடு வருகிறாள் என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

வழியெல்லாம் நிம்மதியாகத்தான் போனேன். ஜன்னலுக்கு வெளியே கோசு வயல்கள். பாதித் தூரத்தில் ஒலிபெருக்கி ஏதோ நீளமாகச் சொன்னது. 'ஃபோர்டரர் ட்ஸூக்டைல்' என்ற ஒரு சொல் மட்டும் இரண்டு மூன்று தடவை வந்தது. வண்டியின் முன்பகுதி என்று அதற்கு அர்த்தம், இப்போது தெரியும். அன்றைக்கு அது எனக்கு யாரோ ஒருவருடைய பெயர்போலக் கேட்டது. ஒரு நிலையத்தில் வண்டி நின்றது. சிலர் இறங்கி நடைமேடையில் பின்பக்கமாக வேகவேகமாக நடந்தார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. எதிரே இருந்த அம்மாள் பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கதவு மூடியது, வண்டி நகர்ந்தது. தண்டவாளம் வளைகிற இடத்தில் நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். நடைமேடையில் பாதி ரயில் நின்றுகொண்டிருந்தது. என்னுடைய பாதி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ரயிலைக் கழற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. பவானியில் இருந்த சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஈரோடு ஜங்ஷனில் பார்த்திருக்கிறேன். பெட்டியைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டுவதென்றால் அங்கே அது ஒரு திருவிழா. என்ஜின் முன்னே போகும், பின்னே வரும், சுத்தியல் சத்தம் கேட்கும், நீலச் சட்டைக்காரர்கள் கொடியை ஆட்டிக்கொண்டு கத்துவார்கள். அதற்குள் இரண்டு ரவுண்டு டீ விற்றுவிடும். மஞ்சள் மண்டிக்காரர் யாராவது, நாம் தூங்கினாலும் தட்டி எழுப்பி, "ஏனுங்க, இந்தப் பொட்டிய இங்கயே உட்டுப்போட்டுப் போயிருவாங்க, முன்னால போயி உக்காருங்க" என்பார். இங்கே ஒரு சத்தமில்லை, ஒரு குலுக்கல் இல்லை. படத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் காட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். கதவுக்கு மேலே ஒட்டியிருந்த தட வரைபடத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தத் தடத்தின் நீலக் கோடு அந்த நிலையத்தில் கவட்டையாக இரண்டாகப் பிரிந்தது. அதைவிடத் தெளிவாக யாராலும் வரைந்துவிட முடியாது.

விமான நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். நித்யா அப்பாவோடு இருக்கிறாள், அந்த மட்டுக்கும் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'i' என்று எழுதிய கவுன்டரைத் தேடிப் போனேன். அதையும் ஒரு பலகைதான் காட்டியது. கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் இருந்தான். தூக்குப்போசியை மேசைமேல் வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷையும் ஜெர்மனையும் கலந்துகட்டிச் சொன்னேன். கணவர், பின்னால், ரயில், இரண்டு. அவன் சிரித்தான். தினமும் ஒருவராவது இப்படி வருவார் என்று கையாலேயே சொன்னான். வால்டரின் ஊர் நிலையத்துக்குப் போன் போட்டான். பேசிக்கொண்டே இருந்தவன் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. ரிசீவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்து, "உன்ட் தாஸ் கிண்ட்?" என்றான். எனக்குப் புரியவில்லை. அவன் கையைத் தரையிலிருந்து இடுப்புயரத்தில் காட்டினான். ஒரு பிள்ளையின் உயரம்.

என் கணவர் அந்தக் கடைசி நிலையத்தில் நின்றுகொண்டு, மனைவியும் பிள்ளையும் காணோம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நித்யா என்னோடு இருப்பாள் என்று அவர் நினைத்தார், அவரோடு இருப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் அவரை நோக்கி ஓடியதைத்தான் நான் பார்த்தேன். பாதியில் திரும்பி என்னை நோக்கி ஓடிவந்ததைத்தான் அவர் பார்த்திருக்கிறார். கடைசியில் எந்தக் கதவில் ஏறினாள், ஏறினாளா இல்லையா என்பதை இருவருமே பார்க்கவில்லை. அந்த இளைஞன் வேறொரு எண்ணைச் சுழற்றத் தொடங்கினான், "இங்கேயே இருங்கள்" என்று உள்ளங்கையைக் காட்டினான். என்னால் இருக்க முடியவில்லை. சோறு இருந்த தூக்குப்போசியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பாத்திரத்தைப் போலீஸ்காரர்கள் என்ன செய்வார்களோ, அதைச் செய்திருப்பார்கள்.

ஓடினேனே தவிர, கீழே போனதும் அப்படியே நின்றுவிட்டேன். இன்னொரு தப்பு வண்டியில் ஏறினால் என்ன ஆகும்? யாரையாவது கேட்கலாம் என்று பார்த்தேன், எல்லோரும் பெட்டியும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் முதல்முறையாகப் பலகையை ஒழுங்காகப் படித்தேன். நிறம், எண், ஊர், படம். எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம். ஒவ்வொன்றாக விரல்வைத்துப் படித்தேன். என் அவசரத்தைப் பற்றி அந்தப் பலகைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தது. அதன்மேல் கோபமும் வந்தது, கும்பிடவும் தோன்றியது. வண்டியில் ஏறி ஒவ்வொரு நிலையத்திலும் கதவில் தொற்றிக்கொண்டு சிவப்பு ஸ்வெட்டரைத் தேடினேன். நம் ஊராக இருந்தால் இந்நேரம் என் பிள்ளையை யாராவது இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு பத்துப் பேரிடம் விசாரித்திருப்பார்கள். இங்கே ஒரு பிள்ளை தனியாக நின்றால், அது எங்கே போக வேண்டும் என்பது அதற்கே தெரியும் என்று விட்டுவிடுவார்களோ? அப்படித்தான் என் புத்தி ஓடியது. கண்ட சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

ரயில் பிரிகிற அந்த நிலையத்தில் நித்யா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ரயில்வே அம்மாள் ஒருவர், அவள் தோளில் கைபோட்டபடி நின்றிருந்தார். எல்லோரும் இறங்கி ஓடுவதைப் பார்த்துப் பிள்ளை தானும் இறங்கியிருக்கிறாள். இரண்டு பாதிகளும் அவளை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. காணாமல் போனால் நின்ற இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று அவளுக்குக் கிண்டர்கார்டனில் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம், நகரவில்லை. நான் போய் அவளை வாரியணைத்து, அழுகையும் ஆத்திரமுமாக, "எங்க கண்ணு போயிட்ட?" என்று கேட்டேன்.

"நான் எங்கயும் போகலீங்கம்மா" என்றாள். "நீங்களும் அப்பாவுந்தான் போயிட்டீங்க."

அவள் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள்.

நான் வந்த பாதி ரயில் புறப்படாமல் அங்கேயே நின்றது. சற்று நேரத்தில் வால்டரின் ஊரிலிருந்து மற்றப் பாதி மெதுவாக வந்து அதன் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து என் கணவர் குதித்து ஓடிவந்தார். சட்டையெல்லாம் வேர்வை, அந்தக் குளிரில். "ஏம்மணி, பாப்பா உங்கூட இருக்கறான்னுதான நான் நெனச்சேன்" என்றார். "நானும் அதையேதானுங்க நெனச்சேன்" என்றேன். சிவப்புத் தொப்பி அம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொறுமையாக, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி, தலைக்குமேல் இருந்த பலகையைக் காட்டி நீளமாக விளக்கினார். முன்பாதி அங்கே, பின்பாதி இங்கே. எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார். ஏன் தனித்தனியாக ஏறினோம் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? டவுன் பஸ்ஸின் இரண்டு வாசலை எனக்குத் தெரிந்த நாற்பது ஜெர்மன் வார்த்தையில் சொல்ல முடியாது. "யா, யா" என்று தலையாட்டினேன். என் பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அந்தப் பலகையில் தப்பில்லை. எங்கள் ஊர் ஜனங்களிடமும் தப்பில்லை. பலகை எல்லோருக்கும் ஒன்றுபோலச் சொல்கிறது, மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். பலகை சரியாகச் சொல்லும், ஆனால் நாம் கேட்டோமா என்று பார்க்காது. மனிதர் பாதி தப்பாகச் சொல்வார், ஆனால் நாம் ஏறுகிற வரைக்கும் விடமாட்டார். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து எழுதுகிறவர்கள், "அங்கெல்லாம் சிஸ்டம் பிரமாதமாமே" என்று கேட்கிறார்கள். பிரமாதம்தான். நான் இன்றைக்கும் அதை மூன்று தடவை படித்துவிட்டு, யாரையாவது ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன்.

வால்டர் வீட்டுக்கு அன்று நாங்கள் போகவில்லை. நகரத்துக்குத் திரும்பும் வண்டியில் மூவரும் ஒரே கதவில் ஏறினோம். கூட்டமே இல்லை. இங்கே இருக்கைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும், மூன்று பேர் ஒரே வரிசையில் உட்கார முடியாது. "உக்காரு கண்ணு" என்றார் கணவர். நித்யா தலையை ஆட்டினாள். ஒரு கையால் என் கோட்டு நுனியையும் மறு கையால் அவள் அப்பாவின் விரலையும் பிடித்துக்கொண்டு கதவருகிலேயே நின்றாள். இரண்டையும் விடமாட்டேன் என்றாள். உள்ளேயிருந்து ஒரு நடுவயது அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு, தன் பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஹீர் இஸ்ட் ப்ளாட்ஸ்" என்றார். இங்கே இடம் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு முழுசாகப் புரிந்த ஒரே வாக்கியம் எனக்கு அதுதான். "டாங்கே" என்றேன், நகரவில்லை. எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, இருக்கையை உள்ளங்கையால் தட்டிக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி மறுபடியும் சொன்னார். "தெரியுதுங்க" என்று நான் தமிழிலேயே சொன்னேன். வண்டி முழுக்க இடம் கிடந்தது. எங்கள் நிறுத்தம் வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டே வந்தோம்.